தீபாவளிக்குக் கொடுத்த ஜாக்கெட்

கோயம்புத்தூரில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஜாக்கெட் தைக்கும் கம்பெனி ஒன்று. முதலாளி பொன்னுரங்கம் அன்றைக்குக் கடைக்காரர்களைக் கூட்டிவைத்து அளந்துவிட்டுக்கொண்டிருந்தார். "கெட்டி நைலானும் நம்ம பாலியெஸ்டரும் ஒண்ணுதானுங்க. ரோட்டுல விழுந்து தேய்ச்சுட்டுப் போனாலும் ஒண்ணும் ஆகாது."

ஜிப் தைக்கும் மயிலாத்தாள் எழுந்து நின்றாள். அந்தப் பாலியெஸ்டரைப் போட்டுக்கொண்டு ரோட்டில் விழுந்துதான், துணியோடு சதையும் தேய்ந்து, அவளுடைய ஒரே மகன் செத்துப்போனான்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க."

"அப்படியா?" என்றார் முதலாளி. "துணியை வெட்டக் கூடாது, எரிக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. எங்கே, இங்கேயே நிரூபி பார்க்கலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, ஊட்டிக்குக் கிளம்பிய முதலாளி மகன் பைக் சாவியோடு உள்ளே வந்தான். மயிலாத்தாள் பாலியெஸ்டர் ஜாக்கெட்டை எடுத்து விரித்துப் பிடித்தாள். "மலைப்பாதையில போறீங்க, இதைப் போட்டுக்குங்க தம்பி."

அவன் கையை நுழைத்தான்.

"டேய், அது வேண்டாண்டா! கழட்டுடா!" முதலாளி அலறிவிட்டார்.

சிரிப்பு நின்றுபோயிற்று. கடைக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மயிலாத்தாள் ஜாக்கெட்டை மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"தீபாவளிக்கு என் பையனுக்கு இதை நீங்கதானுங்க போட்டுவிட்டீங்க. அன்னைக்கும் இப்படி ஒரு சத்தம் போட்டிருக்கலாமேங்க."