ராஜாவுக்கே இடமில்லாத நாடகம்

நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் பல்லு பூரா கொட்டிப் போகட்டும். இருக்கறதே நாலுதான், அதுவும் போகட்டும்.

மணல்மேட்டுப் பட்டணத்து ராஜா கண்டீரவர் ஒரு நாடகம் எழுதினாரு. அதை ஆடறதுக்குன்னே பெரிய மண்டபமும் கட்டினாரு. திரை விலகினா எதிர்ல ஈ, காக்கா இல்ல. ஊர்க்காரங்க ஒருதடவை பார்த்துட்டுத் திருந்திட்டாங்க.

"துறைமுகத்துல புதுசா குடியேறின ஜனம் அவ்வளவு இருக்கே. பட்டு நெய்யறவங்க, அரபுக் குதிரைக்காரங்க. அவங்க ஏன் வரல?"ன்னாரு ராஜா.

மண்டபத்து அதிகாரி ராயசிங்கர், "தண்டோரா போட்டேன் பிரபு, சுத்தத் தமிழ்ல. அவங்களுக்கு ரசனை கிடையாது"ன்னாரு.

சபையில விகடம் பண்ற சொக்கன் கொட்டாவி விட்டான். "பாஷை புரியாதவங்க முன்னாடி தமுக்கடிச்சுக் கத்தினா, எங்கயோ தீப்பிடிச்சிருச்சுன்னு நினைப்பாங்க ஐயா."

"அதான் அன்னிக்கு எல்லாரும் தண்ணிக் குடத்தோட வந்து நின்னாங்களா?"ன்னாரு ராயசிங்கர்.

ராஜாவுக்குக் கோபம் வந்துருச்சு. "சொக்கா, புதன்கிழமை சாயங்காலம் மண்டபம் பூரா குடியேறினவங்களா உட்கார்ந்திருக்கணும். உள்ளூர் ஆளை நடுவுல சொருகி ஏமாத்தக் கூடாது. ஒரு இடம் காலியா இருந்தாலும், இனிமே தினமும் நீ தனியா உட்கார்ந்து என் நாடகத்தைப் பார்க்கணும். அழற கட்டத்துல அழணும்."

சொக்கன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அழற கட்டமே பாதி நாடகம்.

மறுநாள் நடிகருங்களை நெசவுத் தெருவுக்கு ஓட்டிக்கிட்டுப் போனான். நடுத்தெருவுல ஒத்திகை. நெசவுக்காரங்க வீட்டுக் கல்யாணமாம். பொண்ணு போயி மாப்பிள்ளை கழுத்துல தாலி கட்டினா. சம்பந்தி பந்தியில வைக்கோல் பரிமாறினாரு.

தறியை விட்டு ஒரு அம்மா எழுந்து வந்தா. "யார் வீட்டுக் கல்யாணம் இது?"ன்னா, தனக்குத் தெரிஞ்ச கொஞ்சூண்டு தமிழ்ல.

"உங்க வீட்டுதாம்மா. ராஜா எழுதினது. புதன்கிழமை ஊருக்கே காட்டறோம்."

"ஆடுங்க. நாங்களும் வர்றோம்"னு சொல்லி சேலையை இடுப்புல சொருகினா.

அடுத்தது குதிரைத் தெரு. குதிரைக்காரன் வேஷம் போட்ட நடிகன் கட்டைக்குதிரை வாலைப் பிடிச்சுப் பின்பக்கமா ஏறினான். அந்தக் கட்டையே வெட்கப்பட்டுச்சு. வியாபாரி யூசுப் தலையில அடிச்சுக்கிட்டு, "புதன்கிழமையா? என் மச்சானுங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வர்றேன்"னான்.

புதன்கிழமை மண்டபத்துல எள்ளு போட இடமில்ல. அந்தம்மா மேடையேறித் தாலியைப் பிடுங்கினா. அவ சொந்தக்காரங்க பூரா ஏறி, கல்யாணம்னா இப்படித்தான்னு ஆடிக் காட்டினாங்க. குதிரைக்காரங்க கைதட்டினாங்க. யூசுப் நிஜக் குதிரையோட வந்துட்டான், நெசவுக்காரங்க விசிலடிச்சாங்க. ராஜா எழுதின வசனம் ஒண்ணுகூட வரல. நாடகம் அமோகம்.

தாமதமா வந்த ராஜாவை வாசல்லயே மறிச்சான் சொக்கன். "இடமில்ல பிரபு."

"டேய், என் மண்டபம்டா."

"உத்தரவும் உங்களுதுதான். குடியேறினவங்க மட்டும். நீங்க உள்ளூரு."

உள்ள ஒரே சிரிப்பு. ராஜா காலை மாத்தி மாத்தி நின்னாரு. எட்டி எட்டிப் பார்த்தாரு. கடைசியில சொக்கன் காதுகிட்ட குனிஞ்சாரு.

"வெளிய சொல்லாதே. எங்க முப்பாட்டனாரு வடக்கேயிருந்து எருமை ஓட்டிக்கிட்டு வந்தவரு."

"அடடே, நீங்களும் நம்ம கூட்டந்தானா. பாய், கொஞ்சம் தள்ளி உட்காருங்க, எருமைக்காரர் வந்திருக்காரு."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் உருண்டு போச்சு. பொறுக்கிக் கொடுத்த சொக்கனுக்கே ராயசிங்கரோட உத்தியோகத்தைக் கொடுத்தாரு.

கதை அவ்வளவுதான். வாயைப் பொத்திச் சிரிச்சவங்க ஒரு டீ வாங்கித் தாங்க. வாய்விட்டுச் சிரிச்சவங்க வடையும் சேர்த்து. சிரிக்காதவங்க முழுச் சாப்பாடே போடணும், உங்களுக்கு மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும்ல.