சென்றாயன் சாரைப் பொருத்திய கதை

எருக்கம்பூண்டி அரசு மேல்நிலைப்பள்ளியில் முட்டாள்கள் என்று யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இருந்த ஆசிரியர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். படித்ததை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்தப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார் மாசிலாமணி. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தார், தாண்டவிட்டுப் பார்த்தார், குண்டு எறியவிட்டும் பார்த்தார். ஒரு கோப்பைகூட வந்து சேரவில்லை. கோப்பை வைப்பதற்கென்று தலைமையாசிரியர் அறையில் வாங்கிப் போட்ட கண்ணாடி அலமாரியில் டீ கிளாசுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு கிளாசை எடுத்து வாயில் வைக்கும்போதெல்லாம் மாசிலாமணிக்கு டீ கசக்கும்.

இப்படி இருக்கையில் நகரத்துப் பள்ளி ஒன்று தன் வகுப்பறைகளைப் புதுப்பித்தது. பழைய சாமான்களைப் பெட்டியில் போட்டு எருக்கம்பூண்டிக்கு நன்கொடையாக அனுப்பியது. கூடவே ஒரு கடிதம். தலைமையாசிரியர் வைகுண்டராமன் அதை எழுந்து நின்று வாசித்தார்.

"மாணவர் ரோபோ அணி ஒன்று அமைக்கவும். பொருட்களை மாணவர்களே கையாள வேண்டும். அடுத்த மாதம் நடக்கும் மாவட்டப் போட்டியில் கலந்துகொள்ளாவிட்டால் பொருட்கள் மேலப்பொட்டல் பள்ளிக்கு வழங்கப்படும்."

மேலப்பொட்டல் என்றதும் எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"அணின்னா அது என் பொறுப்பு சார். பதினோரு பேரைப் பொறுக்கிடறேன்" என்றார் மாசிலாமணி.

தமிழாசிரியர் கலியபெருமாள் கனைத்தார். "அணி என்றால் இலக்கணம் ஐயா. உவமை அணி தெரியும், உருவக அணி தெரியும். ரோபோ அணி என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே?"

தையல் ஆசிரியை எஸ்தர் இருவரையும் பாவமாகப் பார்த்தார். "அணின்னா போட்டுக்கிறதுங்க. ரோபோவைத்தான் போட்டுக்கச் சொல்றாங்க. இடுப்பளவு என்னன்னு எழுதியிருக்கா?"

ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் தலைமையாசிரியர் யாரையும் புண்படுத்தாமல் தீர்ப்புச் சொன்னார். மாசிலாமணி பதினோரு பிள்ளைகளைச் சேர்ப்பது, எஸ்தர் டீச்சர் சட்டை தைப்பது, கலியபெருமாள் இலக்கணம் எழுதுவது. ஒரே வாரத்தில் அணிக்கு ஆரஞ்சுச் சட்டையும் நான்கு சூத்திரமும் தயார். ரோபோ மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டியைத் திறக்கலாம் என்று போனால், மூடியில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம்: 'திறக்கும் முன் உள்ளே இருக்கும் கையேட்டைப் படிக்கவும்.'

மாசிலாமணி பெட்டியை மூன்று தரம் சுற்றி வந்தார். அணித்தலைவியாக அவர் போட்டிருந்த ஒன்பதாம் வகுப்புச் சுடர்விழி, "திறந்துட்டுப் படிக்கலாம் சார்" என்றாள்.

"திறந்துட்டுப் படிச்சா அது திறக்கும் முன்னா, பின்னா?"

"பின்தான் சார்."

"இதுகூடத் தெரியாம உன்னைத் தலைவியாக்கியிருக்கேன் பாரு" என்று மாசிலாமணி வருத்தப்பட்டார்.

அப்புறம் யோசித்து, பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை அரிவாளால் அறுத்தார்கள். சாமான்கள் மைதானம் முழுக்க உருண்டன. மூடியில் ஒட்டியிருந்த டேப் அப்படியே இருந்தது. "பெட்டி திறக்கப்படவில்லை" என்று தலைமையாசிரியர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கலியபெருமாள் கையேட்டை வாசித்து முடித்த பிறகு, முறைப்படி மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

அடுத்து, பொருட்களை மாணவர்கள் கையாள வேண்டுமே! பள்ளியில் நானூற்றுப் பதினேழு பிள்ளைகள். மாசிலாமணி அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, நாற்பத்து மூன்று உருப்படிகளையும் ஒவ்வொன்றாக ஆறாம் வகுப்புக் கையில் கொடுத்து, பன்னிரண்டாம் வகுப்புக் கடைசிப் பையன் வரைக்கும் கைமாற்றிவிட்டார். யாரும் ஐந்து விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; விசில் அடித்தால் அடுத்த கைக்குப் போய்விட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு வந்த இடத்தில் ஏதோ நடந்துவிட்டது. சுடர்விழியும் அணிப் பிள்ளைகளும் தங்கள் கைக்கு வந்ததை வந்த வேகத்தில் ஒன்றோடொன்று முடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. வரிசையின் இந்த முனையில் நாற்பத்து மூன்று உருப்படிகள் போயின. அந்த முனையில் நான்கு சக்கரத்தோடு ஒரே ஒரு வண்டி வந்தது.

மாசிலாமணி வண்டியை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். தலைமையாசிரியரிடம் ஓடினார். "சார், மோசம் போயிட்டேன். நாப்பத்து மூணு கொடுத்தேன், ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு."

"மீதி நாற்பத்திரண்டு?"

"அதான் தெரியலை சார். பசங்க பையெல்லாம் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

இருந்த ஒன்றாவது பத்திரமாக இருக்கட்டும் என்று வண்டியை அறையில் வைத்துப் பூட்டினார்கள். கையாண்டு முடிந்துவிட்டதால் இனி மாணவர்கள் தொடக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அணிப் பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டையோடு ஜன்னல் வழியாகப் பார்த்துப் பயிற்சி எடுத்தார்கள்.

கையேட்டில் இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது. முதலாவது: 'பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு எட்டாத இடம் ஏது? மொட்டை மாடியில் பந்து எடுக்க ஏறுவார்கள். புளியமரத்தில் சும்மாவே ஏறுவார்கள். கடைசியில் தலைமையாசிரியர் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அறுபது மைல் தள்ளியிருந்த தன் மச்சினர் வீட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்தார். மச்சினருக்குக் குழந்தை கிடையாது.

"பேட்டரி போட்டாத்தான் சார் ஓடும்" என்றாள் சுடர்விழி.

"உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"பதினாலு சார்."

"குழந்தை! பேட்டரி பேச்சே எடுக்கக் கூடாது."

இரண்டாவது விஷயம்தான் பெரிய விஷயம். கலியபெருமாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "'சென்சார் இல்லாமல் ரோபோ பாதை அறியாது. சென்சாரை முன்பக்கத்தில், தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்தவும். தடை வந்தால் சென்சார் உணர்ந்து நிறுத்தும்.'"

"நிறுத்துமா? ஒரு வாத்தியாரை 'நிறுத்தும்'னு போட்டிருக்கான் பாருங்க, மரியாதை இல்லாம" என்றார் தலைமையாசிரியர்.

"யார் சார் அந்த சென் சார்?" என்று கேட்டார் எஸ்தர்.

எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் கணக்கு ஆசிரியர் சென்றாயன் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு எல்லாரும் அவரைக் கூப்பிடுவது சென் சார் என்றுதான்.

"நம்ம பேரு நகரம் வரைக்கும் எட்டியிருக்கே!" என்று சென்றாயன் கண் கலங்கினார். மனுஷன் எண்பத்தாறு கிலோ. இருந்தாலும் கடமை என்றால் பின்வாங்க மாட்டார். மறுநாளிலிருந்து மாசிலாமணி அவரைக் குப்புறப் படுக்கவைத்து, தவழவிட்டு, மூக்குக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்துப் பழக்கினார். முதல் வாரம் மூக்கு உரசியது. இரண்டாம் வாரம் சரியாக இரண்டு சென்டிமீட்டரில் நின்றது. இடுப்பில் சணல் கயிற்றைக் கட்டி, மறு நுனியை வண்டியில் முடிந்தார்கள். பொருத்தியாயிற்று.

போட்டி நாள் வந்தது. மாவட்டத் தலைநகரத்தில் பெரிய மண்டபம். தரையில் வளைந்து வளைந்து ஒரு கறுப்புக் கோடு. ரோபோ அந்தக் கோட்டின் மேலேயே போக வேண்டும். நடுவில் வைத்திருக்கும் செங்கல்லைக் கண்டால் நிற்க வேண்டும். மேலப்பொட்டல் ரோபோ விளக்கெல்லாம் மினுக்கிக்கொண்டு புறப்பட்டது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்த இடத்தில் கோட்டைவிட்டு விலகி, நேராகப் போய்ச் செங்கல்லில் முட்டியது. மற்ற ரோபோக்களும் அதே வெயிலில் வழிதவறின.

எருக்கம்பூண்டி முறை வந்தது. சென்றாயன் கோட்டின் முனையில் குப்புறப் படுத்தார். நடுவர் தாளும் பேனாவுமாகக் குனிந்தார்.

"சென்சார் இருக்கா?"

"இருக்கார்" என்றார் மாசிலாமணி.

"எந்த மாடல்?"

"எழுபத்தொண்ணு, ஆனி மாசம்" என்றார் சென்றாயன் தரையிலிருந்தே.

நடுவரும் எழுத்துப் பிசகாதவர். ஸ்கேலை எடுத்து மூக்கின் உயரத்தை அளந்தார். இரண்டு சென்டிமீட்டர். தாளில் டிக் அடித்தார். விசில் ஊதியது.

சென்றாயன் தவழ்ந்தார். வண்டி பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் கோட்டை முகர்ந்து முகர்ந்து போனார். வெயில் விழுந்த இடத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார், அவ்வளவுதான். செங்கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நின்று, "தடை!" என்றார்.

மேலப்பொட்டல் ஆசிரியர் குதித்துக்கொண்டு வந்தார். "இது அநியாயம்! அது மனுஷன் சார்!"

நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "'ஓடும்போது ரோபோவைக் கையால் தொடக் கூடாது'ன்னு இருக்கு. அவர் கையால தொட்டாரா?"

"இல்லை, இடுப்புல கயிறு..."

"இடுப்பைப் பத்தி இங்க ஒண்ணும் போடலை. உட்காருங்க."

முதல் பரிசு எருக்கம்பூண்டிக்கு! முழங்கையளவு உயரத்தில் வெள்ளிபோல மின்னிய கோப்பையை வாங்கியபோது மாசிலாமணி விசிலை வாயில் வைத்தபடியே அழுதார். ஒவ்வொரு விம்மலுக்கும் விசில் ஊதியது.

ஊருக்கு வந்து இறங்கியதும் கலியபெருமாள் கோப்பையில் பொறித்திருந்ததை உரக்க வாசித்தார்: 'மாவட்டச் சுழற்கோப்பை.'

எல்லாரும் கோப்பையையே பார்த்தார்கள். கால் மணி நேரம் பார்த்தார்கள். அது சுழலவில்லை.

"வர்ற வழியில பஸ்ஸுல அடிபட்டிருக்குமோ?" என்றார் தலைமையாசிரியர்.

"அடுத்த வருஷம் வேற பள்ளிக்குப் போகும், அதனாலதான் சுழற்கோப்பை சார்" என்றாள் சுடர்விழி. அவளை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள்.

"கையால சுத்திவிட்டா என்ன?" என்றார் எஸ்தர்.

"பரிசுப் பொருள் டீச்சர், தேஞ்சிடும்" என்றார் மாசிலாமணி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அது சுத்தலைன்னா என்ன சார்? நாம சுத்துவோம். சுத்துறவன் பார்த்தா எல்லாம் சுத்துற மாதிரிதானே தெரியும்?"

அன்று முதல் மைதானத்தின் நடுவே ஒரு முக்காலியில் கோப்பையை வைத்து, பாடவேளைக்கு இரண்டு வகுப்பாக அதைச் சுற்றி ஓடவிட்டார் மாசிலாமணி. மூன்றாம் நாள் சென்றாயன் ஒரு சந்தேகம் கிளப்பினார்: நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சுழன்றால் கோப்பைக்குத் தலை சுற்றாதா?

நியாயமான கேள்வி. அதனால் இப்போது ஒரு வகுப்பு இடமிருந்து வலமாக ஓடுகிறது, இன்னொரு வகுப்பு வலமிருந்து இடமாக ஓடுகிறது. முட்டிக்கொண்டு விழுகிறவர்களைத் தூக்கிப்போக எஸ்தர் டீச்சர் ஸ்ட்ரெச்சர் தைத்துக்கொண்டிருக்கிறார். கோப்பைக்கு இதுவரை மயக்கம் வரவில்லை.