பால் பொங்கிய நாள்

கணக்குப் புலிகளுக்கு ஒரு புதிர் சொல்கிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை வராது. நான் போகிறபோக்கில் சொல்வதையும் காதில் வாங்கிக்கொண்டால் வரும்.

கோவில்பட்டியில் இசக்கிமுத்து என்று ஒரு வீட்டுக் காண்ட்ராக்டர். அவருடைய கூட்டாளி கொத்தனார் தனுஷ்கோடி, மனைவியின் தம்பி. வருகிற லாபத்தில் ஆளுக்குப் பாதி. இருவரும் சேர்ந்து பேட்டரிக் கடை திருமேனிக்கு ஒரு வீடு கட்டினார்கள். பணம் நான்கு தவணை. கடைசித் தவணை, ஊர் வழக்கப்படி, கிரகப்பிரவேசத்துப் பால் காய்ப்பு அன்று. கையெழுத்தெல்லாம் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

இந்தத் தொழிலில் முதல் மூன்று தவணையும் செங்கலாகவும் கம்பியாகவும் கூலியாகவும் கரைந்துவிடும். லாபம் என்று ஒன்று இருந்தால் அது கடைசித் தவணைக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அது கைக்கு வரும்வரை காண்ட்ராக்டர் வெறும் மீசைக்காரன்.

வேலை ஆடியில் முடிந்தது. ஆடியில் யார் பால் காய்ச்சுவார்கள்? ஆவணியில் நாள் குறித்தார்கள். திருமேனியின் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். பால் தவிர வேறொன்றும் உள்ளே இறங்கவில்லை. ஆடி முடியுமுன் ஒரு நாள், மகன் கட்டிய வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பக்கம் திருமேனியும் மறுபக்கம் இசக்கிமுத்துவும் தூக்கிக்கொண்டு போனார்கள். நடு ஹாலில் இறக்கியதும் கிழவருக்கு மயக்கம் வந்துவிட்டது. மருமகள் பதறிப்போய் எதிர்க்கடையில் பால் பாக்கெட் வாங்கி வந்து, அப்போதுதான் பொருத்தியிருந்த புது அடுப்பில் வைத்தாள். மாமனாரைத் தாங்கிப் பிடிக்க ஓடியதில் அது பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. மிச்சத்தை ஆற்றி இரண்டு வாய் புகட்டினாள். "நல்லா கட்டியிருக்கடே" என்றார் அவர். மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கம் விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல காரியம் கிடையாது. புது வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. கடைசித் தவணையும் அத்தோடு உள்ளே போன மாதிரி ஆயிற்று.

இங்கேதான் சிக்கல். தனுஷ்கோடியின் மகள் மாரிச்செல்விக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. அப்பாவின் பங்கை நம்பி, வெள்ளை யூனிபாரத்துக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தனுஷ்கோடி அக்கா வீட்டுப் படியேறினார்.

"மச்சான், இந்த வீட்டுல நமக்கு லாபம்தான?"

"லாபம்தான் மாப்ள."

"அப்ப என் பங்கக் கொடும். வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸு கட்டலன்னா சீட்ட அடுத்த புள்ளைக்குக் கொடுத்துருவாங்களாம்."

"லாபம் வந்துட்டு. பணம் வரலயே."

"பீரோவுல கட்டுக்கட்டா வச்சிருக்கீரே, அது என்ன, காகிதமா?"

"அது ஜெபராணியம்மா வீடு கட்டக் கொடுத்த அட்வான்சு. அவங்க வீட்டு அஸ்திவாரம் அது. கம்பி வாங்குற ரூவாய எடுத்துப் பீஸு கட்டிட்டா, நாளைக்கு அந்த வீடு எதுல நிக்கும்?"

"திருமேனி கொடுத்ததும் வச்சிரலாம்லா?"

"எப்ப? அடுத்த ஆவணியிலயா?"

தனுஷ்கோடி அக்கா நீட்டிய தண்ணீரை வாங்காமல் இறங்கிப் போனார். மாரிச்செல்வி இசக்கிமுத்துவின் தோளில் வளர்ந்த பெண். பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

நேரே திருமேனியின் கடைக்குப் போனார். திருமேனி ஏமாற்றுக்காரர் அல்ல. பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைத்திருந்தார், ஒரு ரூபாயைத் தொடவில்லை.

"தரமாட்டேன்னு சொல்லல காண்ட்ராக்டரே. பால் காய்ப்பு அன்னைக்குத் தாரேன். நம்ம பேச்சு அதுதான?" என்றார். "எங்கப்பா இருந்து பாக்காத பால் காய்ப்பு. அந்தப் பேச்ச எடுக்க மனசு வரல. இப்ப விட்டுருங்க."

இசக்கிமுத்து திரும்பி நடந்தார். தெருமுனை வரை போனவர், எதையோ நினைத்துக்கொண்டு சட்டென்று நின்றார்.

கதை இங்கே நிற்கிறது. உழைத்த பங்கைக் கேட்கிறார் ஒருவர். அடுத்தவர் பணத்தைத் தொடமாட்டேன் என்கிறார் ஒருவர். பேசிய பேச்சில் நிற்கிறார் ஒருவர். மூவரில் பொய்யர் யாருமில்லை. ஆனால் ஒருவருடைய கணக்கு மட்டும் பிசகியிருக்கிறது. அவர் யார்? மாரிச்செல்வியின் பீஸ் யார் கையிலிருந்து வர வேண்டும்?

விடை: தனுஷ்கோடி கேட்டது நியாயம், கைகாட்டிய பீரோதான் தப்பு. லாபம் வேறு, கையில் புழங்கும் பணம் வேறு; ஜெபராணியம்மாவின் அஸ்திவாரத்தைத் தொடாத இசக்கிமுத்து செய்தது சரி. கணக்கு பிசகியது திருமேனிக்கு. இசக்கிமுத்து திரும்பிப் போய் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணாச்சி, அப்பா கடைசியாக் குடிச்ச பால எந்த அடுப்புல காய்ச்சினாங்க?" திருமேனி கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் புது வீட்டைத் திறந்தார். மேடையில் பால் வழிந்து காய்ந்த தடம் அப்படியே இருந்தது. புது அடுப்பில் முதல் பால் பொங்குவதுதானே பால் காய்ப்பு; தவணைக்கு உரிய நாள் ஆடியிலேயே வந்து போய்விட்டது. பணம் அன்றே கைமாறியது, மாரிச்செல்வி வியாழக்கிழமையே பீஸ் கட்டினாள். இசக்கிமுத்து இப்போதெல்லாம் கடைசித் தவணைக்குச் சாவி கொடுக்கும் நாளைத்தான் பேசுகிறார். திருமேனியோ அன்று அந்த அடுப்பைத் தொட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இந்த வீட்டு மொதப் பால எங்கப்பாதான் குடிச்சிருக்காரு" என்று சொல்லி, சாவு வீட்டில்கூட அழாத மனிதர் வாய்விட்டு அழுதார்.