ஆறு மணிக் கோடுகள்

"பத்து நாளாச்சு மேடம். பதிவுக் கோடு இன்னும் அடங்க மாட்டேங்குது. வெளியே இழுத்துப்போட்டு, முதல்ல இருந்து இறக்கிடலாமா?"

வேதநாயகம் கேட்டது சின்ன விஷயமில்லை. கரடு என்கிற அந்தச் சின்னப் பாறைக்குன்றின் உச்சியில் நூறு அடிக்குத் துளை போட்டு, பூமி அதிர்வதை அளக்கும் கருவியை அடியில் இறக்கி, சுற்றிலும் மணல் கொட்டியாகிவிட்டது. இனி இழுத்தால் கேபிள் அறுந்தாலும் அறுந்துவிடும். அறுந்தால் கருவிக்கு அங்கேயே சமாதிதான்.

சபூரா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் வேதநாயகம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். இவர் கூப்பிட்டதும் சபூரா ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்.

வந்தவர் துளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கரட்டடியில் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, பத்து நாள் பதிவையும் தாளில் எடுத்துத் தரச் சொன்னார்.

"எப்பெப்ப அடங்கலை?"

"காலையில ஆறு மணிக்கு, சாயந்திரம் ஆறு மணிக்கு. வெயில் ஏறி இறங்குறப்ப பைப் அசையுது போல. மணல் சரியா இறுகலை மேடம்."

சபூரா தாள்களைப் புரட்டினார்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்."

"நானா?"

"கதவு வரைக்கும்."

நடந்தார். அவருக்கு இடது முட்டி தேய்ந்துபோய் மூன்று வருஷமாகிறது. சபூரா கண்ணை மூடிக்கொண்டு, அவர் நடைக்கு ஏற்ப மேஜையைத் தட்டினார். ஒரு தட்டு பலமாக, ஒரு தட்டு மெதுவாக.

பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு கோடு பெரிதாக, ஒரு கோடு சின்னதாக. பெரிதாக, சின்னதாக.

வேதநாயகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ஆட்டுக்காரர்களைக் கரட்டுப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டியவர் அவர். அடங்கிவிட்டதா பார்ப்போம் என்று தினமும் இரண்டு வேளை ஏறிப்போய், மூடியைத் திறந்து, கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவரும் அவரேதான்.

"போறது தெரியுது, வர்றது தெரியுது. நடுவுல ஒன்றரை நிமிஷம் அசையாம நிக்கிறீங்களே, எதுக்கு சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அங்கதான் சிக்னல் கிடைக்குது. மகளுக்குப் போன் பண்ணுவேன்."

"பேசுவாங்களா?"

"முதல்ல எடுத்தா. இப்ப ரிங் போய்க்கிட்டே இருக்கு."

கேட்காமலே மீதியையும் சொன்னார். மகள் அமலிக்கு நாலாம் மாசம் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீ ஸ்கூட்டர் ஓட்டாம இருந்திருந்தா..." என்று இவர் சொல்லிவிட்டார். சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு மாசமாக அப்படியேதான் இருக்கிறது.

"எடுத்தப்ப என்ன கேப்பீங்க?"

"அப்பா மேல கோபம் போயிடுச்சாம்மான்னு."

"தினமுமா?"

"ரெண்டு வேளையும்."

சபூரா ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார்.

மணி ஆறானது. வேதநாயகம் பழக்க தோஷத்தில் எழுந்து ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். போனும் கைக்கு வந்துவிட்டது.

"சார், இந்நேரம் உங்க மகள் என்ன பண்ணிக்கிட்டிருப்பாங்க?"

அவர் அப்படியே நின்றார். கண் மேஜைமேல் பதிவு ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரைக்குப் போனது. பத்து நாளில் முதல் தடவையாக, ஆறு மணிக்குக் கோடு ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன் அடிச்சிடுமோன்னு பயந்துக்கிட்டிருப்பா மேடம்."