கார்குழலியின் வெள்ளிக் கூந்தல்

வெகு காலத்துக்கு முன்னால், மிருகங்களும் பறவைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், மஞ்சனூர் என்றொரு நாடு இருந்தது. அங்கே கார்குழலி என்று ஒரு பூக்காரி. அவிழ்த்துவிட்டால் அவள் கூந்தல் முழங்காலைத் தொடும். மழைமேகம் போலக் கறுத்திருக்கும்.

அவள் புருஷன் மருதன் தேனெடுக்க மலைக்குப் போனான். போனவன் திரும்பவில்லை. ஊரார் தேடிப் போனார்கள், அவர்களும் திரும்பவில்லை. அரசன் படையை அனுப்பினான், படையும் திரும்பவில்லை.

ஒரு காலை, மலையிலிருந்து ஒரு மைனா வந்து அவள் பூக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்தது. மலை உச்சியில் கருஞ்சடையன் என்ற மந்திரவாதி தோட்டம் போட்டிருக்கிறான், உள்ளே கால் வைப்பவர்களை எல்லாம் மானாக்கி மேயவிட்டிருக்கிறான், மருதனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான் என்று சொன்னது.

"அவன் மந்திரம் கறுப்பு முடியைத்தான் பற்றும், வெள்ளி முடியைப் பற்றாது. நரைத்தவர்கள் யாரும் அந்தச் செங்குத்து மலையில் ஏறமாட்டார்கள் என்ற தைரியத்தில் இருக்கிறான்."

கார்குழலி தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். "ஏறக் கால் இருக்கிறது. முடியை மாற்ற வழி சொல்."

மைனா நிலாப்பூண்டு என்ற செடியைக் காட்டியது. அதை எரித்த சாம்பலைக் குழைத்து, வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து தலை முழுக்கப் பூசிக்கொண்டாள். மருதனின் தங்கை பவழம் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். கறுப்பெல்லாம் கரைந்து ஓடியது. துவட்டிப் பார்த்த பவழம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கிச்சிலிப்பழத் தோல் மாதிரி செம்மஞ்சளா இருக்கு."

ஒருநாள் ஆறவிட்டு மறுபடி பூசினாள். இப்போது வைக்கோல் நிறம். மூன்றாம் தரம் பூசக் கை வைத்தபோது மைனா தடுத்தது. இனியும் சாம்பல் பட்டால் முடி கையோடு வந்துவிடும், மஞ்சளைப் போக்க நீலம்தான் வேண்டும் என்றது. கார்குழலி தன் கூடையிலிருந்த சங்குப்பூவை அள்ளிக் கொதிக்கவைத்து, ஆறிய நீரைத் தலையில் விட்டுக்கொண்டாள். மஞ்சள் மெல்ல மெல்லப் போயிற்று. வெயில் பட்டதும் கூந்தல் வெள்ளிக்கம்பியாய் மின்னியது.

பவழம் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். பிடரியில் ஒரே ஒரு கறுப்பு இழை ஒளிந்திருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தாள். பிறகு கண் கலங்க, "அண்ணனுக்கு உங்களை அடையாளம் தெரியாதே" என்றாள்.

"குரல் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கார்குழலி கிளம்பினாள்.

ஏறினாள், ஏறினாள், வெயில் சாயும்வரை ஏறினாள். தோட்டத்தில் மான்கள் அவளைக் கண்டதும் சிதறி ஓடின. அவள் துரத்தவில்லை. புல்லில் உட்கார்ந்து, கூரையில் ஒழுகும் இடத்தையும், பசு கன்று போட்டதையும், பவழத்தின் கல்யாணப் பேச்சையும் வீட்டில் பேசுவது போலவே பேசினாள். ஒரு மான் மட்டும் திரும்பி வந்து அவள் மடியில் தலை வைத்தது. அவள் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

அந்த நேரத்தில் கருஞ்சடையன் வந்தான். எண்ணெய் பளபளக்கும் கரிய சடை அவன் தோளில் புரண்டது.

"கிழவி, மானாகு" என்றான். அவள் அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான். மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அப்படியே இருந்தாள். மூன்றாம் தரம் தன் பலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னான். பற்றிக்கொள்ளக் கறுப்பு முடி கிடைக்காத மந்திரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, எதிரே இருந்த கரிய சடையைப் பற்றிக்கொண்டது. மந்திரவாதி நின்ற இடத்தில் ஒரு மான் நின்றது. அவன் போட்ட மந்திரமெல்லாம் கலைந்து, மான்கள் நின்ற இடத்திலெல்லாம் மனிதர்கள் நின்றார்கள். கார்குழலியின் மடியில் மருதனின் தலை இருந்தது.

படைவீரர்கள் அந்த மானை அடிக்கப் போனார்கள். அவள் விடவில்லை. புல்லைத் தின்று பிழைத்துப் போகட்டும் என்றாள்.

அரசன் அழைத்து வேண்டியதைக் கேட்கச் சொன்னான். அந்தத் தோட்டம் தேனெடுப்பவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கேட்டாள். அரசனும் அப்படியே கொடுத்தான்.

சில மாதம் கழித்து அவள் வகிட்டில் கறுப்பு எட்டிப் பார்த்தது. மருதன் சந்தோஷப்பட்டு, இனி பழையபடி ஆகிவிடும் என்றான்.

"எனக்கு வெள்ளிதான் பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவள் பவழத்தைக் கூப்பிட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மருதன் தண்ணீர் சுமந்து கொடுத்தான். அப்படியே மூவரும் வெகு காலம் சுகமாக இருந்தார்கள். கதை கேட்ட நீங்களும் சுகமாக இருங்கள்.