நாற்பது ஆடும் ஒரு யானையும்

கப்பல்கள் காற்றை நம்பியே ஓடிய காலத்தில், முத்தாற்று நாட்டைக் கரிவலன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். காலையில், "ஊரெல்லாம் மயில் ஆடட்டும்" என்பான். மாலையில், "என்ன இரைச்சல் இது! மயில்களைக் காட்டுக்கே அனுப்புங்கள்" என்பான்.

அந்த நாட்டில் கப்பல் கட்டும்போது ஒருவர் மரம் தருவார், ஒருவர் பாய் தருவார், ஒருவர் கயிறு தருவார். தந்ததற்கு ஏற்றபடி ஒவ்வொருவருக்கும் அந்தக் கப்பலில் பங்கு உண்டு. கப்பல் திரும்பியதும் லாபத்தைப் பங்குப்படி பிரித்துக்கொள்வார்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் தங்கள் பங்கை நண்பகல் சந்தையில் கூவி விற்கலாம். விலை எல்லோர் காதிலும் விழுவதால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

ஒருநாள் அரசன் தன்னிடம் இருந்த பெரும்பங்கை விற்க ஆள் அனுப்பினான். அந்த ஆள் வாய் திறந்ததும் சந்தையே கலங்கியது.

"அரசரே விற்கிறாராமே! கப்பல் மூழ்கிவிட்டதோ?"

விலை பாதியாகச் சரிந்தது. கப்பலோ கடலில் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது.

அமைச்சர் ஆதிநாதர் ஒரு வழி சொன்னார். "அரசே, மாட்டுச் சந்தையில் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துப் பேரம் பேசுகிறார்களே, பெரிய பங்கையும் அப்படி விற்கலாம். விற்கிற செய்தியே விலையைக் கெடுக்காது."

"அருமை! 'பெரிய விற்பனை துண்டுக்கடியில் நடக்கலாம்' என்று கப்பல் பங்கு ஒப்பந்தத்தில் எழுதும்."

"பெரியது என்றால் எது என்பதையும் எழுதிவிடலாமே?"

"பெரியது பெரியதுதான், ஆதிநாதரே. எனக்குப் பசிக்கிறது" என்று அரசன் எழுந்து போய்விட்டான்.

அமைச்சர் மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டவர் அரசுக் கருவூலம் காக்கும் விழுப்பரையர். இந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்லானது. சிறு பங்கு வைத்திருந்த நாற்பது ஏழைகளிடம் போய், "தனித்தனியாக ஏன் கூவுகிறீர்கள்? எல்லாவற்றையும் சேர்த்து நான் நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன்" என்றார். சேர்த்தார். துண்டைப் போட்டார். துண்டுக்கடியில் எதிர்க்கை அவருடைய மைத்துனனின் கை. பாதி விலைக்குப் பேரம் முடிந்தது!

மறுநாள் கயிறு திரிக்கும் கடலாயி அரசவையில் வந்து நின்றாள்.

"மகாராசா, மழைக்கு முந்தி கூரை போடத்தான் என் ரெண்டு பங்கையும் குடுத்தேன். சந்தையில எட்டுப் பணம் போற பங்குக்கு நாலு பணம்தான் இவரு தந்திருக்காரு. அரைக் கூரைக்குக் கீழ நான் எப்படிப் படுப்பேன்?"

விழுப்பரையர் கைகட்டிச் சிரித்தார். "அரசே, நாற்பது பேர் பங்கும் சேர்ந்தால் பெரியதுதானே? ஒப்பந்தத்தில் உள்ளபடியே செய்தேன். குறை இருந்தால் அந்த யோசனை சொன்ன அமைச்சரைக் கேளுங்கள்."

அரசன் சட்டென்று அமைச்சர் பக்கம் திரும்பினான். "பொழுது சாய்வதற்குள் பெரியது என்றால் என்ன என்று சொல்லும். இல்லாவிட்டால் உம் பதவி போகும். இவளுக்கும் விற்றது விற்றதுதான்!"

கடலாயியின் முகம் வாடியது. ஆதிநாதர் பதறவில்லை. "விழுப்பரையரே, சின்னவை பல சேர்ந்தால் ஒரு பெரியது ஆகிவிடுமா?"

"ஆகும். இதிலென்ன சந்தேகம்?"

"அரசே, இன்று கடல்விழா ஊர்வலம். தமக்கும் ஒரு யானை வேண்டுமென்று இவர் ஆண்டுதோறும் கேட்கிறார். நம்மிடம் இருப்பதோ தங்களுடைய ஒரே யானை. அதனால் என்ன? நாற்பது ஆடுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு இவரை உட்கார வைப்போம்."

அரசனுக்குக் கோபம் பறந்தது. "ஆடுகளைக் கொண்டு வாருங்கள்!"

"அரசே, நான் சொன்னது பங்கைப் பற்றி..." என்று விழுப்பரையர் இழுத்தார். யார் கேட்டார்கள்? பட்டுத் தலைப்பாகையோடு அவரைப் பலகையில் ஏற்றினார்கள். மேளம் ஒலித்தது. பத்து ஆடுகள் கடல் பக்கம் ஓடின. பத்து, வாழைத்தோப்புப் பக்கம் இழுத்தன. ஒன்று நின்ற இடத்திலேயே அவர் வேட்டி நுனியைத் தின்றது. பலகை சாய, விழுப்பரையர் புழுதியில் உருண்டார்.

"உங்க யானை மேயப் போயிடுச்சு சாமி!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

ஆதிநாதர் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு அரசனைப் பார்த்தார்.

"யானைக்கு மனம் ஒன்று. நாற்பது ஆட்டுக்கு மனம் நாற்பது. பெரிய விற்பனை என்றால், பங்கு முழுவதும் ஒருவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். சந்தை ஒரு வாரத்தில் விற்பதைவிட அது மிகுதியாக இருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உறவில்லாத வேறுவேறு ஆட்களாக, நேருக்கு நேர் பேசி முடிக்க வேண்டும். துண்டை எடுத்ததும் விலையை ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் சந்தையில் கூவித்தான் விற்க வேண்டும்."

"ஒரு சொல் விடாமல் எழுதுங்கள்" என்றான் அரசன். "நாற்பது பேருக்கும் பங்கு திரும்பட்டும். விழுப்பரையரே, நாளை முதல் நண்பகல் சந்தையில் விலை கூவுவது உம் வேலை."

மறுநாள் விழுப்பரையர் தொண்டை வரளக் கூவ, கடலாயியின் பங்குகள் எட்டெட்டுப் பணத்துக்கு விற்றன. அவள் அமைச்சரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "முழுக்கூரை போட்டுருவேன் சாமி. நீங்க நல்லா இருக்கணும்."

"நீ துணிந்து வந்து கேட்டாயே, அதுதான் அம்மா பெரிது" என்றார் அவர்.

சந்தைக்கு வந்திருந்த அரசன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒப்பந்தத்தில் அரைகுறை வரியை எழுத வைத்தது தன் அவசரம்தான் என்று அவனுக்குத் தெரியும். பிறந்தது முதல் அவன் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. மெல்லக் கடலாயியின் அருகே குனிந்து, அவள் காதில் ஏதோ முணுமுணுத்தான்.

கடலாயி இடுப்பில் கைவைத்தாள்.

"அதை ஏன் மகாராசா காதுக்குள்ள சொல்றீங்க? நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அரசன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு, கடலில் நின்ற படகுகளுக்கும் கேட்கும்படி அவளுக்கும் ஆதிநாதருக்கும் நன்றி கூவினான்.