தேசிங்கு கண்ட சோதி

பாலாற்றங்கரை மடத்தில் ஞானவரத அடிகளுக்கு ஒரே ஒரு சீடன், தேசிங்கு. இரண்டாவது ஆளைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்பார் அடிகள்.

ஒரு நாள் மதியம் தேசிங்கு ஊற்றிய ரசம் இலையில் விழாமல் அடிகளின் மடியில் விழுந்தது.

"என்னப்பா, இலை தெரியலையா?"

"ரெண்டு இலை தெரியுது சாமி. எதுல ஊத்துறதுன்னுதான் குழப்பம்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா." தேசிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. "விளக்கைப் பார்த்தா சுத்தி ஒளிவட்டம். சித்தி கைகூடுது போல சாமி."

அடிகள் எழுந்தார். "வேட்டி மாத்திட்டு வரேன். கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம்."

டாக்டர் பர்வீன் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்தார். கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கியிருந்தது.

"கண்ணைக் கசக்குவீங்களா?"

"கசக்க மாட்டேன். அமுக்குவேன்."

"எதுக்கு?"

"கண்ணை மூடினா சோதி தெரியும்னு சாமி சொன்னாரு. ரெண்டு வருஷம் மூடிப் பார்த்தேன், ஒண்ணும் காணோம். அப்புறம் விரல் முட்டியால அழுத்தினேன். பொறி பொறியா வந்துச்சு. ரெண்டு வருஷமா தினமும் வருது."

டாக்டர் அடிகளைப் பார்த்தார். அடிகள் சுவரில் இருந்த எழுத்து அட்டையை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"பெரிய ஆபரேஷன் இல்ல," என்றார் டாக்டர். "மேல்படலத்தை லேசா எடுத்துட்டு, வைட்டமின் சொட்டு விட்டு, ஒரு வெளிச்சம் காட்டுவோம். கருவிழி இறுகிக்கும். போன பார்வை திரும்பாது, இருக்கிறது நிக்கும். இப்படியே விட்டா, நாளைக்கு இன்னொருத்தர் கருவிழியைத்தான் வாங்கி வைக்கணும். இனிமே கண்ணை அமுக்கவே கூடாது."

"அப்போ சோதி?"

"வராது."

"அப்படின்னா வைத்தியமே வேணாம்."

"ஒழுங்கா வந்து படுடா," என்றார் அடிகள். தேசிங்கு மறுவாரம் வந்து படுத்தான்.

"நீலமாத் தெரியுதே, அதையே பாருங்க," என்றார் டாக்டர். "அரை மணி நேரம். ஆடக் கூடாது."

ஆடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தபோது கண் எரிந்து நீர் கொட்டியது. அவனோ சந்தோஷத்தில் குதித்தான்.

"சாமி, மனசு அந்தாண்ட இந்தாண்ட போகவே இல்ல. நாலு வருஷத்துல இதுதான் நிஜமான தியானம்!"

"ஆடாம உட்காருன்னு நானும்தானே நாலு வருஷமா கத்துறேன்?"

"அந்தம்மா சொன்னா பயமா இருக்கு சாமி."

பஸ் பாதி வழி வந்திருந்தது. தேசிங்கு மெதுவாகக் கேட்டான்.

"சாமி, நெசமாச் சொல்லுங்க. கண்ணை மூடினா உங்களுக்குச் சோதி தெரியுமா?"

கேட்டபடியே கண்ணைத் தேய்க்கக் கையைத் தூக்கினான். அடிகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் இருட்டுதான்டா. திறந்து வச்சிருந்தா, நீ அமுக்கினதையாவது பார்த்திருப்பேன்."